சுடரும் காற்றும்

இரவு முழுவதும் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கைக் காலையில் எடுத்துப் பார்த்தால், நிரப்பி வைத்த எண்ணெயிற் பெரும்பகுதி அங்கே இராது. எண்ணெய் எங்கே என்று கேட்டால், "எரிந்து போயிற்று" என்று சிறு பிள்ளையும் விடை கூறும். அன்றாடப் பேச்சுக்கு அவ்விடை போதும். இரசாயனவியலாரோ "எரிந்து" என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டு, "போயிற்று" என்னும் சொல்லை மறுப்பர். அந்த எண்ணெயில் இருந்த அணுக்களில் ஒன்றேனும் அழியவில்லை. அவை காற்றில் உள்ள வேறு அணுக்களோடு கூடி, வேறு பொருள்களாகி, கண்ணுக்குப் புலப்படாமல் எங்கும் பரவியுள்ளன. அவ்வாறு உண்டாகும் பொருள்கள் யாவை என்பதைப் பொறுத்தே, ஒரே எண்ணெய் ஓரிடத்தில் நல்ல ஒளியைத் தருகிறது. ஓரிடத்தில் சுவரிலே கரியைப் படிய வைக்கிறது. மற்றோரிடத்தில் உறங்குவோரின் உயிரைக் கவர்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை எண்ணெயில் மட்டும் தேடினால் அகப்படாது. அதனோடு கூடும் காற்றிலேதான் அதனைத் தேடுதல் வேண்டும்.

மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், சமையல் வாயு, மெழுகுதிரியின் மெழுகு ஆகிய யாவும் ஒரு குலத்தைச் சேர்ந்தவை. காபன், ஐதரசன் என்னும் இரு மூலகங்களாலேயே இவை பெரும்பாலும் ஆனவை. ஆதலால் இவற்றை ஐதரோகாபன்கள் என்பர். இக்குலத்தில் மிக எளியது மெதேன் என்னும் வாயு. ஒரு காபன் அணுவும் அதனைச் சூழ நான்கு ஐதரசன் அணுக்களும் சேர்ந்தது அதன் மூலக்கூறு. சேற்று நிலத்தைக் கோலால் கிளறும்போது குமிழியிட்டு எழுவது பெரும்பாலும் இதுவே. காபன் அணுக்கள் நூலிற் கோத்த மணிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்து நீண்ட சங்கிலிகளாகவும் அமையவல்லன. மூன்று காபனும் நான்கு காபனும் கொண்ட புரொப்பேன், பியூட்டேன் என்பவை சமையல் வாயுவில் உள்ளன. நான்கு முதல் பன்னிரண்டு காபன் வரை கொண்டவற்றின் கலவை பெற்றோல். ஏறத்தாழப் பத்து முதல் பதினாறு வரை கொண்டவற்றின் கலவை மண்ணெண்ணெய். இருபதுக்கு மேற்பட்டு நீளும்போது அது மெழுகாகிறது. சங்கிலி நீள நீள, வாயு திரவமாகவும் திரவம் திண்மமாகவும் மாறிவரும் முறை இதனால் விளங்கும்.

இனி, விளக்கில் எரிவது எது? திரி எரிகிறது என்பர் சிலர். எண்ணெய் எரிகிறது என்பர் பலர். உண்மையில், திரவமாயுள்ள எண்ணெய் எரிவதே இல்லை. திரியின் நுண்ணிய இழைகளினூடே மேலேறும் எண்ணெய், சுடரின் வெப்பத்தால் ஆவியாகிறது. அந்த ஆவியே காற்றோடு கூடி எரிகிறது. இலண்டனில் உள்ள றோயல் நிலையத்தில், 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, மைக்கேல் பரடே என்னும் விஞ்ஞானி இளைஞர்களுக்காக நிகழ்த்திய மெழுகுதிரி பற்றிய சொற்பொழிவுகளில் இவ்வுண்மையைக் கண்முன்னே காட்டினார். சுடரின் நடுவே உள்ள இருண்ட பகுதியில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயின் வாயை வைத்து, அங்கிருந்த ஆவியைக் குழாய் வழியே வெளியே கொணர்ந்து, மறுமுனையில் அதற்குத் தீயிட்டார். அங்கே இரண்டாவது சுடர் ஒன்று தோன்றிற்று. அச்சொற்பொழிவுகள் 1861ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து, இன்றும் படிக்கப்பட்டு வருகின்றன.

நேயர்கள் தம் இல்லத்திலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனையும் ஒன்றுண்டு. காற்றசையாத இடத்தில் மெழுகுதிரி ஒன்றைச் சிறிது நேரம் எரியவிட்டு, மெல்ல ஊதி அணைத்தால், திரியிலிருந்து வெண்புகைக் கோடொன்று மேலெழும். எரியும் தீக்குச்சியை அப்புகையின் நடுவே, திரியைத் தொடாது, ஓரிரு அங்குலம் மேலே பிடித்தால், சுடர் புகை வழியே கீழிறங்கித் திரியில் மீண்டும் பற்றிக்கொள்ளும். அவ்வெண்புகை குளிர்ந்து துளிகளான மெழுகாவியே என்பதும், எரிவது அதுவே என்பதும் இதனாற் பெறப்படும்.

எரிதலிலே காற்றுக்கு என்ன தொழில் என்பதை மனிதர் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. எரியும் பொருளினின்றும் "பிளொஜிஸ்தன்" என்னும் ஏதோவொன்று வெளியேறுவதே தீ என்று பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் நம்பினர். பிரான்சு நாட்டு லவோசியே துலாக்கோலைத் துணைக்கொண்டு அக்கொள்கையை வீழ்த்தினார். மூடிய பாத்திரங்களில் பொருள்களை எரித்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, எரியும் பொருள் காற்றின் ஒரு பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது எனக் காட்டினார். அப்பகுதிக்கு ஒட்சிசன் என்னும் பெயரையும் அவரே இட்டார். ஐதரசன் எரியும்போது உண்டாவது நீர் என்பதையும், ஆகவே நீர் தனிமூலகம் அன்று என்பதையும் 1783ஆம் ஆண்டில் அவர் விளக்கினார். நாம் சுவாசிக்கும் உலர்ந்த காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு ஒட்சிசன். 78 பங்கு நைதரசன். எரிதலுக்கு உதவுவது முன்னையதே.

ஐதரோகாபன் ஒன்று போதிய ஒட்சிசனோடு முற்றாக எரிந்தால், அதன் காபன் முழுவதும் காபனீரொட்சைட்டு என்னும் வாயுவாகவும், ஐதரசன் முழுவதும் நீராவியாகவும் மாறும். இதனைப் பூரண தகனம் என்பர். குளிர்ந்த, உலர்ந்த கண்ணாடிக் குவளை ஒன்றைச் சிறு சுடரின்மேல் கவிழ்த்துப் பிடித்தால், அதன் உட்புறம் வியர்த்தாற்போல் நீர் படரும். பின்னர் அக்குவளையினுள் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்கினால், அது பால்போல் வெளுக்கும். முன்னையது நீர் உண்டானமைக்கும், பின்னையது காபனீரொட்சைட்டு உண்டானமைக்கும் சான்று. தீயிலிருந்து நீர் பிறக்கிறது என்பது வியப்பாகத் தோன்றலாம்; ஆயினும் மண்ணெண்ணெய் விளக்கு ஒவ்வொன்றும் தான் எரித்த எண்ணெயினும் அதிக நிறையுடைய நீரையே இரவுதோறும் உண்டாக்கிக் காற்றில் விடுகிறது.

இக்கணக்கைத் துலாக்கோலில் ஏற்றிப் பார்த்தால் மேலும் தெளிவு உண்டாகும். 16 கிராம் மெதேன் முற்றாக எரிவதற்கு 64 கிராம் ஒட்சிசன் வேண்டும். உண்டாவன 44 கிராம் காபனீரொட்சைட்டும் 36 கிராம் நீரும். இருபுறமும் கூட்டினால் 80 கிராம். ஒரு கிராமும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பெற்றோலில் உள்ள ஐதரோகாபன்களில் ஒன்றாகிய ஒக்டேனை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும். அவ்வொட்சிசனைத் தருவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்றுத் தேவைப்படும். நீளமும் அகலமும் இவ்விரண்டு மீற்றரும் உயரம் மூன்று மீற்றரும் உள்ள சிற்றறை ஒன்றை நிரப்பும் காற்று ஏறக்குறைய அவ்வளவினது. வாகனத்தின் எண்ணெய்த் தாங்கியில் நாம் ஊற்றுவது, எரிதலுக்கு வேண்டிய பொருளின் மிகச் சிறிய பகுதியையே. எஞ்சிய பெரும்பகுதியை வழிநெடுக உள்ள காற்றே விலையின்றித் தருகிறது. எரிந்து முடிந்தபின் அந்த ஒரு கிலோகிராமிலிருந்து வெளிவரும் காபனீரொட்சைட்டு மாத்திரம் மூன்று கிலோகிராமுக்கு மேலாகும். "எரிந்து போயிற்று" என்று நாம் கூறும் பொருள், எரியுமுன் இருந்ததிலும் மும்மடங்கு நிறையோடு வானிலே நிற்கிறது.

எரியும்போது எழும் வெப்பம் எங்கிருந்து வருகிறது? அது எண்ணெயினுள்ளே அடைபட்டுக் கிடந்து, பிணைப்புகள் உடையும்போது வெளியேறுகிறது என்று பலரும் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. அணுக்களைப் பிணைக்கும் பிணைப்பை உடைப்பதற்குச் சத்தி செலவாகும். புதிய பிணைப்பு உண்டாகும்போதே சத்தி வெளிப்படும். ஆகவே எரிதலை ஒரு வணிகரின் கணக்காகக் கொள்ளலாம். முன்னர்க் கூறிய 16 கிராம் மெதேனிலும் 64 கிராம் ஒட்சிசனிலும் உள்ள பிணைப்புகள் யாவற்றையும் உடைக்க ஏறத்தாழ 2650 கிலோயூல் சத்தியைச் செலவிடல் வேண்டும். பிரிந்த அணுக்கள் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் கூடும்போது ஏறத்தாழ 3450 கிலோயூல் வரவாகிறது. செலவுபோக மிஞ்சும் ஏறத்தாழ 800 கிலோயூலே நாம் பெறும் வெப்பம்.

எந்த வணிகத்துக்கும் முதல் வேண்டும் அன்றோ? எண்ணெயும் காற்றும் ஆண்டுக்கணக்கில் அருகருகே இருந்தும் தாமாகத் தீப்பற்றாமைக்குக் காரணம் அந்த முதல் இன்மையே. தீக்குச்சி தருவது அம்முதலைத்தான். ஒருமுறை பற்றிக்கொண்டபின், வரும் இலாபத்தின் ஒரு பகுதியே அடுத்து வரும் ஆவிக்கு முதலாகிறது. சுடர் தன்னைத் தானே பேணி நிற்பது இவ்வாறே. வாயால் ஊதும்போது, வெப்பமும் ஆவியும் திரியைவிட்டு விலக்கப்படுகின்றன, முதல் பறிபோகிறது, சுடர் அவிகிறது. இந்த எளிய உண்மையே பின்னர் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் உயிரோடு தொடர்புடையதாயிற்று.

மெதேனும் ஒட்சிசனும் ஒரே பாய்ச்சலிற் காபனீரொட்சைட்டும் நீரும் ஆவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். வெப்பத்தாற் பிரிந்த தனி அணுக்களும் மூலக்கூற்றுத் துண்டுகளும் துணை தேடி விரைந்து திரிகின்றன. தனித்த ஐதரசன் அணு ஒன்று ஒட்சிசன் மூலக்கூற்றோடு மோதினால், அதிலிருந்து இரண்டு புதிய துண்டுகள் பிறக்கின்றன. அவை வேறு மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும் இச்சங்கிலித் தாக்கங்களை ஆராய்ந்த பிரித்தானிய அறிஞர் ஹின்செல்வூட்டும் சோவியத் அறிஞர் செமனோவும் 1956ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சாதாரண எரிதல் சில வேளைகளில் கண்ணிமைக்குமுன் வெடியாக மாறுவதன் இரகசியத்தை விளக்குவனவும் அவர்தம் ஆராய்ச்சிகளே.

இனிச் சுடரின் உருவத்தைக் கவனிப்போம். மெழுகுதிரியின் சுடரில், திரியை அடுத்து இருண்ட பகுதி ஒன்று உண்டு. அங்கே ஆவி நிறைந்திருக்கிறது; ஒட்சிசன் புகவில்லை. அடியிலும் ஓரத்திலும் மெல்லிய நீலநிறம் காணப்படும். அங்கே காற்றோடு கலந்து தகனம் செவ்வனே நடைபெறுகிறது. நடுவிலும் மேலுமாக மஞ்சள் ஒளி பரந்துள்ளது. அந்த மஞ்சள் ஒளிக்குக் காரணம் குறைபாடே என்றால் பலர் நம்பமாட்டார். ஆவி வெப்பத்தால் சிதையும்போது, ஒட்சிசன் கிடைக்கப்பெறாத காபன் அணுக்கள் ஒன்றுகூடி நுண்ணிய கரித்துகள்களாகின்றன. அத்துகள்கள் வெப்பத்தாற் கனன்று ஒளிர்வதே நாம் காணும் மஞ்சள் ஒளி. அவை சுடரின் ஓரத்தை அடைந்து ஒட்சிசனைச் சந்தித்தால் எரிந்துவிடும். சந்திக்குமுன் குளிர்ந்துவிட்டால், புகைக்கரியாய் வெளியேறும். கரண்டி ஒன்றை மஞ்சட் பகுதியிற் பிடித்தால் உடனே கருமை படிவது இதனாலேதான்.

திரியை மிக உயர்த்தினால் விளக்குப் புகைவதும் இக்காரணம் பற்றியே. ஆவி மிகுகிறது, காற்று அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த ஆர்கண் என்பவர் 1780ஆம் ஆண்டளவில் இதற்கொரு நல்ல பரிகாரம் கண்டார். திரியைக் குழாய்போல் வட்டமாக அமைத்து, உள்ளும் புறமும் காற்றுச் செல்ல வழிசெய்தார்; அதன்மேல் கண்ணாடிச் சிமினியையும் பொருத்தினார். சிமினியினுள்ளே சூடேறிய வாயு விரைந்து மேலெழ, கீழிருந்து புதிய காற்று இழுக்கப்பட்டுச் சுடரை அடைகிறது. சிமினி காற்றைத் தடுக்கும் மறைப்பு என்றே பலர் கருதுவர். காற்றை அழைத்துவரும் தூதனும் அதுவே.

ஒளி வேண்டாது வெப்பம் மாத்திரம் வேண்டுமாயின், கரித்துகள் உண்டாகாதபடி காற்றையும் வாயுவையும் எரியுமுன்னரே கலத்தல் நன்று. 1855ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் புன்சன் தமது ஆய்வுகூடத்துக்கென அமைப்பித்த அடுப்பு இம்முறையிலேயே இயங்கியது. இன்றைய சமையல் வாயு அடுப்பும் அதன் வழித்தோன்றலே. அவ்வடுப்பின் சுடர் நீலமாயின் காற்றுப் போதியது. மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கறுக்குமாயின், காற்றுத் துளை அடைபட்டது என்று அறிந்து அதனைத் துப்புரவு செய்வித்தல் வேண்டும். மஞ்சட் சுடர் எரிவாயுவை வீணாக்குவதோடு, கண்ணுக்குத் தெரியாத வேறொரு கேட்டையும் விளைவிக்கக்கூடும்.

அடுப்பிலே நாம் அறிந்து கலக்கும்போது நன்மை பயக்கும் இக்கலவை, அறியாத இடத்தில் தானே கலந்து நின்றால் பேரழிவாகும். இங்கிலாந்தின் வடகிழக்கே, பெலிங் என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் 1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் நிகழ்ந்தது அதுவே. நிலக்கரிப் படைகளிலிருந்து கசியும் மெதேன் சுரங்கக் காற்றோடு கலந்திருந்தது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு முதல் 15 பங்கு வரை மெதேன் கலந்துள்ளபோது அக்கலவை வெடிக்கும் இயல்புடையது. அன்று நிகழ்ந்த வெடியில் ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் மாண்டனர். ஒளியின்றிச் சுரங்கத்தில் வேலை செய்தல் இயலாது. ஒளிக்காகச் சுடர் ஏற்றினாலோ சாவு காத்திருந்தது.

இவ்விக்கட்டைத் தீர்க்குமாறு வேண்டப்பட்ட ஹம்பிறி டேவி, 1815ஆம் ஆண்டில், இளைஞராயிருந்த பரடேயின் உதவியோடு சோதனைகள் செய்து ஒரு விளக்கை அமைத்தார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையொன்றை உறையாக இட்டார், அவ்வளவே. சதுர அங்குலம் ஒன்றுக்கு 784 துளைகள் கொண்ட அவ்வலை காற்றைத் தடுக்கவில்லை, வெடிவாயுவையும் தடுக்கவில்லை. வாயு உள்ளே புகுந்து எரிந்தது. ஆனால், அத்தீ துளைகளின் வழியே வெளியேற முயன்றபோது, உலோகக் கம்பிகள் அதன் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டன. முதலை இழந்த வணிகன்போல் தீ வலைக்குள்ளேயே நின்றுவிட்டது. மேலும், வலைக்குள் சுடரின் உருவம் மாறுவதைக் கண்டு, மெதேன் கலந்திருப்பதைத் தொழிலாளர் முன்கூட்டியே அறியவும் முடிந்தது. தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் பெற டேவி மறுத்துவிட்டார். அதே ஆண்டில் ஜோர்ஜ் ஸ்டீவன்சனும் தாமாகவே ஒரு பாதுகாப்பு விளக்கை அமைத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

பாதுகாப்பு விளக்கு வந்தபின்னரும் சுரங்க வெடிகள் நிகழவே செய்தன. அவற்றில் இறந்தோரை ஆராய்ந்த ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் அறிஞர், 1896ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், வெடியின் அதிர்ச்சியாலும் தீக்காயத்தாலும் இறந்தோரைவிட, வெடித்தபின் எஞ்சிய வாயுவைச் சுவாசித்து இறந்தோரே பெரும்பாலோர் என எடுத்துக்காட்டினார். அந்த எஞ்சிய வாயுவில் இருந்த கொலையாளி காபனோரொட்சைட்டு. ஒட்சிசன் போதாத இடத்தில், காபன் அணுவொன்று இரண்டு ஒட்சிசன் அணுக்களைப் பெறவேண்டியிருக்க, ஒன்றோடு அமைந்துவிடுவதனால் உண்டாவது அது. வணிகக் கணக்கிலும் அது நட்டமே: 12 கிராம் காபன் முற்றாக எரிந்தால் ஏறத்தாழ 393 கிலோயூல் வெப்பம் கிடைக்கும், பாதிவழியில் நின்றாலோ கிடைப்பது 110 கிலோயூல் மாத்திரமே.

நட்டம் வெப்பத்தோடு நின்றுவிடுவதில்லை. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதுமில்லை. நமது குருதியில் ஒட்சிசனைச் சுமந்துசெல்லும் ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதை எளிதில் விடுவதுமில்லை. உடல் முழுவதும் ஒட்சிசனின்றித் தவிக்கும்போதும், நெஞ்சு வழக்கம்போல் சுவாசித்துக்கொண்டே இருக்கும். சிறு பறவைகளை இவ்வாயு மனிதரினும் விரைவில் வருத்துவதால், அவற்றைச் சுரங்கத்துக்குக் கொண்டுசெல்லலாம் என ஹோல்டேன் கூறினார். கனேரிப் பறவைகளைக் கூட்டில் ஏந்திச் செல்லும் வழக்கம் பிரித்தானியச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டு வரை நிலவியது.

சுரங்கம் நமக்குத் தொலைவிலுள்ளது என்று எண்ணி இருந்துவிடலாகாது. அதே இரசாயனம் பூட்டிய அறையிலும் தன் தொழிலைச் செய்யும். குளிருக்கென்றோ நுளம்புக்கென்றோ கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவையும் சாளரத்தையும் அடைத்து உறங்குதல். மின்சாரம் நின்றபோது மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளே இயக்குதல். மூடிய கொட்டகையில் வாகனத்தின் இயந்திரத்தை ஓடவிடுதல் ஆகிய மூன்றும் உயிரோடு விளையாடும் செயல்கள். அவ்வாறான இடத்தில் தலைவலியும் தலைச்சுற்றும் குமட்டலும் தோன்றினால், அவற்றைக் களைப்பென்று கருதாது உடனே வெளிக்காற்றுக்கு வந்து, மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். படுத்துறங்கினால் தீரும் என்று எண்ணுவோர் பின்னர் எழுவதில்லை.

காற்றுக் குறைவதனால் வரும் கேடு இது. காற்றும் ஆவியும் எதிர்பாராது கூடுவதனால் வரும் கேடும் நம் இல்லங்களில் உண்டு. அதற்குச் சான்று குப்பி விளக்கு. மின்னொளி எட்டாத காலத்தில் இலங்கையின் ஏழை வீடுகள் பலவற்றில், வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றிய விளக்கே இருளைப் போக்கியது. நின்றவாறு எரியும்போது அது அடக்கமான விளக்கு. திரியின் சிறு நுனியிலிருந்து மாத்திரமே ஆவி எழுகிறது. உருண்டு கவிழ்ந்தாலோ, எண்ணெய் பாயிலும் ஆடையிலும் பரவி, அத்துணி முழுவதும் ஒரே திரியாகிவிடுகிறது. சிறு நுனியில் நடந்த தகனம் உடலெங்கும் நடக்கிறது. இவ்வாறு எரிகாயமுற்றோரை மருத்துவமனையிற் கண்டு வருந்திய சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்துக்கு மருந்திடுவதோடு அமையாது, காரணத்தையே களைய முற்பட்டார். குட்டையானது, கனமானது, எளிதிற் கவிழாதது. கவிழ்ந்தாலும் உருளாதபடி தட்டையான பக்கங்களை உடையது. எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி கொண்டது என அமைந்த "சுதீப" என்னும் கண்ணாடி விளக்கை 1990களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார். அம்முயற்சிக்காக 1998ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. டேவியின் வலையும் இவ்விளக்கின் மூடியும் செய்வது ஒரே தொழிலைத்தான்: தீ இருக்கவேண்டிய இடத்தில் அதனை இருத்துதல்.

மண்ணெண்ணெயோடு பெற்றோலைக் கலத்தல் எத்துணைத் தீங்கானது என்பதையும் இவ்விடத்தில் அறிதல் நன்று. மண்ணெண்ணெயின்மேல் தீப்பற்றத்தக்க அளவு ஆவி திரள்வதற்கு, அது வழக்கமாக 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடாதல் வேண்டும். பெற்றோலுக்கோ அந்நிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகையிலேயே வந்துவிடுகிறது. ஆகவே நம் நாட்டு வெப்பத்தில் திறந்த பெற்றோலின்மேல் எந்நேரமும் ஆவி தவழ்ந்துகொண்டே இருக்கும். சிறிதளவு கலந்தாலும் அடக்கமான விளக்கு அடங்காததாகிவிடும். எண்ணெய் தீப்பற்றினால் அதன்மேல் நீரை வீசுதலும் தவறு. எண்ணெய் நீரிலும் இலேசானது. மிதந்து, எரிந்தவாறே நீரோடு பரவும். மணலைக் கொட்டுவதும் தடித்த ஈரச்சாக்கினால் மூடுவதும் காற்றைத் துண்டித்துத் தீயை அடக்கும்.

வாகன இயந்திரங்களிலும் இதே கதைதான் தொடர்கிறது. ஆயினும் அங்கே நைதரசனும் வேடிக்கை பார்ப்பதோடு நிற்பதில்லை. மிகவுயர்ந்த வெப்பத்தில் அது ஒட்சிசனோடு கூடி, சுவாசத்துக்குத் தீங்கான ஒட்சைட்டுக்களை உண்டாக்குகிறது. இக்கால வாகனங்களின் புகைக்குழாயில் பிளாற்றினம் முதலிய உலோகங்கள் பூசிய கருவியொன்று பொருத்தப்பட்டு, அவ்வொட்சைட்டுக்களும் எரியாது எஞ்சிய ஐதரோகாபனும் காபனோரொட்சைட்டும் வெளியேறுமுன் பெரும்பாலும் மாற்றப்படுகின்றன.

அவ்வாறாயின், பூரண தகனம் நிகழ்ந்துவிட்டால் கேடு யாவும் நீங்கிவிடுமா? பரடே பணியாற்றிய அதே றோயல் நிலையத்தில், 1859ஆம் ஆண்டில், ஜோன் டின்டல் என்பவர் இவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதியைக் கண்டார். நீராவியும் காபனீரொட்சைட்டும் ஒளியைத் தடையின்றி விட்டு, வெப்பக் கதிர்களை மாத்திரம் உறிஞ்சிக்கொள்கின்றன என அவரது சோதனைகள் காட்டின. நீராவி சில நாள்களில் மழையாய் இறங்கிவிடும். காபனீரொட்சைட்டின் பெரும்பகுதியோ நெடுங்காலம் வளிமண்டலத்தில் நின்று, பூமியினின்றும் வெளியேறும் வெப்பத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். கைத்தொழில்கள் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த அவ்வாயு, ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் தொடர்ச்சியான அளவீடு தொடங்கிய 1958ஆம் ஆண்டில் ஏறத்தாழ 315 பங்காகவும், 2024ஆம் ஆண்டில் 420 பங்குக்கு மேலாகவும் உயர்ந்தது. உலகெங்கும் எரிந்த நிலக்கரியும் எண்ணெயும் வாயுவுமே இவ்வுயர்வுக்கு முதன்மையான காரணம்.

காலையில் வெறுமையாகக் கிடக்கும் விளக்கைக் கண்டு, எண்ணெய் எங்கே என்று பிள்ளை கேட்குமாயின், "எரிந்து போயிற்று" என்று சொல்லி நிறுத்திவிடாது, மேலும் ஒரு வார்த்தை சொல்லலாம். போதிய காற்றுக் கிடைத்த பங்கு நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியே சென்றது. கிடைக்காத பங்கிற் சிறிது சுவரிலே கரியாய்ப் படிந்திருக்கிறது. கதவும் சாளரமும் திறந்திருந்தமையால், நஞ்சாகிய பங்கு அறையிலே தங்கவில்லை. கதவைத் திறந்து வைத்தல் ஏன் வேண்டும் என்பதை இவ்வாறு அறிந்துகொள்ளும் பிள்ளை, அதனை ஒருபோதும் மறவாது.